முட்டிக்குக் கழிவு கிடையாது

தோல் மண்டியில் தராசு பிடிக்க வந்திருக்கிற தம்பிகளுக்குத் தோலைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. ஈரத்தோல் எது, உப்பில் புரட்டி எடுத்த தோல் எது என்பதை ஒரு மழைக்காலம் கையில் வாங்கிப் பார்த்தால் உங்கள் கையே சொல்லிவிடும். அதற்குக் கிழவன் எதற்கு? என் வேலைக்காலத்தில் என்னைத் திக்குமுக்காட வைத்த சரக்கு ஒன்றே ஒன்றுதான். அது எருமையில்லை, மாடில்லை, ஆடும் இல்லை. எங்கள் முதலாளி.

கழிவு என்ற சொல்லை நீங்கள் வந்த அன்றைக்கே கேட்டிருப்பீர்கள். தோலோடு ஒட்டிக்கொண்டு வரும் உப்பு, மண், தண்ணீர் இவற்றுக்காக எடையில் தள்ளுவதுதான் கழிவு. அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வியாபாரி வருவார். அவர் கொண்டுவருவதில் பாதி தோல், பாதி அவர் ஊர் ஏரி. தட்டில் போட்டதும் நாம் வாய் திறப்பதற்குள் அவரே பெருந்தன்மையாக, "கழிவு அர வீசை போட்டுக்கோ நைனா" என்பார். வீசைக்கணக்கில் சேற்றை அப்பிவிட்டு அரை வீசை தானம். அதனால்தான் மண்டியில் ஒரு சட்டம் உண்டு: விற்கிறவன் சொல்லும் கழிவை வாங்குகிறவன் ஒப்புக்கொள்ளக் கூடாது. இதை மனசில் முடிந்து வையுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

எங்கள் மண்டி ஆம்பூரில். முதலாளியைப் பெரிய சாயபு என்போம். பெரிய என்பது முதலில் மரியாதைக்கு வைத்த பேர்தான். போகப்போக அது அளவுக்கும் பொருந்திவிட்டது. பத்து மணங்குக்குக் கொஞ்சம் குறைவு. மணங்குக்கு எட்டு வீசை, இப்போதைய கணக்கில் நூற்றுப்பத்துக் கிலோ என்று வையுங்கள். நல்ல எருமைத்தோல் நாலைச் சுருட்டி வைத்தால் எவ்வளவோ அவ்வளவு. தங்கமான மனுஷர். குரலை உயர்த்திப் பேசத் தெரியாது. உயர்த்துவதற்கு மூச்சும் இல்லை.

இந்தச் சதை முழுக்க வீட்டுச் சோற்றில் வந்ததல்ல. பாதிக்கு மேல் வியாபாரத்தில் வந்தது. மண்டியில் பேரம் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு பேர் கையை ஒரு துண்டால் மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். விலை படிந்தால் துண்டை எடுத்துவிட்டு இரண்டு பேர் வாயிலும் இனிப்பு. இனிப்புப் போடாவிட்டால் அது முடிந்த பேரம் ஆகாது. மறுநாள் வந்து இல்லை என்று சொன்னாலும் கேட்பாரில்லை. எங்கள் சாயபு ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வரவழைத்துக் கூடைகூடையாக வைத்திருப்பார். பாகு சொட்டும், உள்ளே முந்திரியும் திராட்சையும். நல்ல வியாபாரம் நடக்கிற நாளில் எத்தனை பேரமோ அத்தனை பேடா. அதோடு சமோசா, ஏலக்காய் டீ, மத்தியானம் வீட்டிலிருந்து அடுக்குப் பாத்திரத்தில் பிரியாணி, சாயங்காலம் சர்பத், ராத்திரித் தொழுகை முடிந்து வீட்டில் விருந்தாளிகளோடு ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பாடு. ஒரே தாம்பாளத்தில் பத்துக் கை போகும்போது எந்தக் கை எவ்வளவு எடுத்தது என்று யாருக்குத் தெரியும்? வீட்டிலிருந்து மண்டிக்குக் கூப்பிடு தூரம். அதற்கும் குதிரை வண்டி.

அந்த வருஷ ரம்ஜான் பண்டிகை அன்றைக்குத்தான் வினை வந்தது. ஈத்கா மைதானத்தில் ஊரே வரிசையாக நின்று தொழுகிறது. எல்லாரோடும் சாயபுவும் குனிந்து நெற்றியைத் தரையில் வைத்தார். வைத்தது சரி, எழ முடியவில்லை. எல்லாரும் எழுந்துவிட்டார்கள், அவர் மட்டும் தரையில். தொழுகை முடிந்த பிறகு இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்கள். வாணியம்பாடி வியாபாரி ஒருவர், எங்களுக்குப் போட்டிக்காரர், பக்கத்து வரிசையிலிருந்து கேட்டாராம்: "இன்னா பாய், ஈரத்தோலா? ரெண்டாளு புடிச்சும் வரமாட்டேங்குதே?"

அந்தப் பேச்சு சாயபு வீடு போய்ச் சேர்வதற்கு முன்னால் மண்டிக்கு வந்துவிட்டது.

பண்டிகை முடிந்து மண்டி திறந்த அன்றைக்குச் சாயபு ஒரு பேரத்துக்கும் உட்காரவில்லை. சாயங்காலமாக என்னையும் கணக்கப்பிள்ளையையும் கூப்பிட்டார். கணக்கப்பிள்ளை அப்போது ஈர்க்குச்சி மாதிரி இருப்பார். இந்த 'அப்போது' என்பதை மறந்துவிடாதீர்கள்.

"எங்க வாப்பா கையப் புடிச்சுக்கிட்டு அந்த வரிசையில நின்னவன் நான்," என்றார் சாயபு. "அடுத்த ரம்ஜானுக்கு நானா எழுந்திரிக்கணும். ஒருத்தன் கை மேல படக்கூடாது. முடியலன்னா ஈத்காவுக்கே போகப்போறதில்ல. வீட்லயே நாற்காலி போட்டுத் தொழுதுக்கறேன்." சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் மனசு என்னவோ ஆகிவிட்டது.

ஊரில் ஒரு பணக்காரன் இளைக்க நினைத்தால் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்பதை அப்போதுதான் பார்த்தேன். மெட்ராஸிலிருந்து ஒரு பொடி வந்தது. பசியைக் கட்டும் பொடியாம். அதை வெறும் வாயில் போடக் கூடாது, பாதாம் அரைத்துப் போட்ட பாலில் கலந்து குடிக்கவேண்டும். திருப்பத்தூர்ப் பக்கத்து வைத்தியர் ஒரு லேகியம் கொடுத்தார். அதில் பாதிக்குப் பாதி நெய். வயிற்றில் கட்டிக்கொண்டால் கொழுப்பு உருகும் என்று ஒரு பெல்ட்டு வந்தது. அது சாயபு வயிற்றைச் சுற்றிவர ஒரு சாண் போதவில்லை. நம்மிடம் தோலுக்கா பஞ்சம்? ஒரு துண்டு தோலை வைத்துத் தைத்து நீட்டினோம். கட்டிக்கொண்டு உட்கார்ந்து, வேர்க்கிறதே, உருகுகிறது என்று சந்தோஷப்பட்டு இரண்டு பேடா அதிகமாகச் சாப்பிட்டார்.

கடைசியில் கணக்கப்பிள்ளையோடு வேலூரில் ஒரு டாக்டரிடம் போனோம். ரயிலில் ஏற்றி இறக்க என்னையும் கூட்டிப்போனார்கள். கனமான சரக்கு என்றால் தராசுக்காரனைக் கூப்பிடுவதுதானே நம் வழக்கம். டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்தார், முட்டியை மடக்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "தெனம் காலையிலயும் சாயங்காலமும் நடங்க. ராத்திரி சாப்பாட்ட பொழுதோட முடிச்சுடுங்க. தனித் தட்டுல போட்டு, மென்னு சாப்பிடுங்க. வயிறு ரொம்பறதுக்கு முன்னாடி கைய எடுத்துடுங்க. தாகத்துக்குத் தண்ணி குடிங்க, சர்பத் வேணாம். நேரத்தோட படுத்துத் தூங்குங்க. அவசரப்படாதீங்க, மெதுவா எறங்கும்."

"மருந்து?" என்றார் சாயபு.

"இதுதான் மருந்து."

கணக்கப்பிள்ளைக்கு முகம் செத்துவிட்டது. பாட்டில் இல்லை, பொட்டலம் இல்லை, என்ன டாக்டர் இவர்? ஆனாலும் தன் படிப்பையும் காட்டவேண்டுமே. "ஒரு வேளை உண்பவன் யோகி, ரெண்டு வேளை உண்பவன் போகி, மூணு வேளை உண்பவன் ரோகின்னு பெரியவங்களே சொல்லியிருக்காங்க" என்று எடுத்துவிட்டார்.

"நாலு வேள சாப்பிடறவனுக்கு இன்னா பேரு?" என்று சாயபு கேட்டார்.

கணக்கப்பிள்ளை யோசித்துவிட்டு, "வியாபாரிங்க" என்றார். எனக்குத் தெரிந்து அவர் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

ரயிலில் திரும்பி வரும்போது சாயபு குறைப்பட்டுக்கொண்டார். "நட, கம்மியா தின்னு, தூங்கு. இத சொல்றதுக்கா வேலூர் வரைக்கும் போனோம்? இது குதிரைக்கே தெரியுமே." காசில்லாமல் கிடைத்த வைத்தியத்துக்கு மதிப்பில்லை. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார். மெதுவாக இறங்கும் என்று டாக்டர் சொன்னாரல்லவா, இறங்குகிறதா என்று பார்க்க வாரா வாரம் எடை போட்டுவிடுவது என்று முடிவு பண்ணினார். எதில்? நம் மண்டித் தராசில்தான். ஊரில் அவரைத் தாங்குகிற தராசு வேறு ஏது?

வியாழக்கிழமை சாயங்காலம் முற்றத்தைப் பெருக்கி, தட்டைக் கழுவி, மேலே ஒரு கம்பளம் விரிப்பேன். சாயபு பிஸ்மில்லா சொல்லி ஏறி உட்காருவார். மறுதட்டில் நான் எடைக்கல்லை வைத்துக் கூவுவேன். முதல் கல்லை ஒன்று என்று சொல்வது நமக்கு வழக்கமில்லையே. "லாபம், ரெண்டு, மூணு" என்று ஆரம்பித்தேன். சாயபு என்னை ஒரு பார்வை பார்த்தார். "என் ஒடம்புல இன்னாய்யா லாபம்?" என்றார். வாய்ப்பழக்கம், மாற்ற முடியுமா?

முதல் வாரம் நான் எடையைக் கூவினதும் சாயபு முகம் தொங்கிப்போனது. கணக்கப்பிள்ளையால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "இது மொத்த எடைதானுங்களே," என்றார். "கழிவு போடணுமில்ல?"

சாயபு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட ஆமா, கழிவு!"

பிறந்ததிலிருந்து மண்டியில் வளர்ந்தவர். மொத்த எடையை என்றைக்கு நம்பியிருக்கிறார்? கழிவு போனது போக நிற்பதுதான் அவருக்கு எடை. வேறு எந்த ஊர்ப் பணக்காரனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். எங்கள் ஆள் ஒருவரால்தான் முடியும்.

முதல் வாரம் கோட்டுக்கும் தொப்பிக்கும் கழிவு. நியாயம்தான். அடுத்த வாரம் சாவிக்கொத்து, கடிகாரம், செருப்பு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினார், இருந்தாலும் கழிவு போட்டார்கள். அதற்கடுத்த வாரம், மத்தியானம் சாப்பிட்ட பிரியாணி இன்னும் உடம்பில் சேரவில்லை, அது வெளிச்சரக்கு என்று ஒரு வீசை. வேர்வைக்குக் கால் வீசை. ஒரு நாள் மழை. காற்றில் ஈரம் அதிகம் என்று அதற்கும் தள்ளினார் கணக்கப்பிள்ளை. நான் கூவுகிற எடை வாரா வாரம் ஏறியது. அவர் சொல்லுகிற எடை வாரா வாரம் இறங்கியது. இறங்க இறங்கச் சாயபுவுக்குச் சந்தோஷம். சந்தோஷம் வந்தால் கை கூடைக்குப் போகும்.

ஒரு நாள் தனியாகப் பார்த்து, "ஏங்க, இது அடுக்குமா?" என்று கணக்கப்பிள்ளையைக் கேட்டேன். "உன் வேல கல்ல வைக்கறது," என்றார். "வைச்சுட்டுப் போ. மொதலாளி மனசு கோணாம பாத்துக்கறது என் வேல. ரொம்பப் பேசினா தராசு புடிக்க வேற ஆளு இருக்கு." பேசாமல் வந்துவிட்டேன். ஆனால் எடையைக் கூவும்போது மட்டும் தராசு முள்ளைத் தவிர எதையும் பார்க்கவில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள். எதிரே நிற்பவர் முகத்தைப் பார்த்தால் நாக்கு குழறும்.

அரை வருஷம் இப்படியே ஓடிற்று. கணக்கப்பிள்ளையின் கணக்குப்படி சாயபு இரண்டு மணங்கு இளைத்திருந்தார். அந்தத் தெம்பில், வெளியூர் வியாபாரிகள் நாலைந்து பேர் வந்திருந்த ஒரு நாள், "பாருங்க இப்ப" என்று மண்டி நடுவில் பாய் விரிக்கச் சொன்னார். முட்டி போட்டு, குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்தார். எல்லாரும் காத்திருந்தோம். கையை ஊன்றினார், கை வழுக்கிற்று. மறுபடி ஊன்றினார். வியாபாரிகள் கூரையைப் பார்த்தார்கள், சுவரைப் பார்த்தார்கள். கடைசியில் நானும் வண்டிக்காரனும் போய்த் தூக்கி, தோல் அடுக்கின் மேல் உட்காரவைத்தோம்.

வந்தவர்களைக் கணக்கப்பிள்ளை நைசாக வெளியே அனுப்பிவிட்டு வந்தார். சாயபு மூச்சு வாங்கி முடித்து என்னைப் பார்த்தார்.

"தராசுக்காரா, நிஜத்த சொல்லு. நான் எளச்சிருக்கேனா?"

அவருக்குப் பின்னால் நின்ற கணக்கப்பிள்ளை என்னை முறைத்தார். வீட்டில் கைக்குழந்தை. இந்த வேலை போனால் ஆம்பூரில் எந்த மண்டியில் போய் நிற்பது? ஆனால் அடுத்த ரம்ஜானுக்கு இன்னும் அரை வருஷம்தான் பாக்கி. இப்படியே போனால் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு ஈத்கா இல்லை, நாற்காலிதான்.

"ஜாஸ்தி ஆயிருக்குங்க மொதலாளி," என்றேன். "நாம ஆரம்பிச்ச அன்னிக்கு இருந்ததுக்கு ரெண்டு வீசை மேல."

"அது மொத்த எடைங்க," என்றார் கணக்கப்பிள்ளை. "கழிவு போனா..."

"மொதலாளி," என்றேன் நான், "அணைக்கட்டு ஆளு தோல போட்டுட்டு அவரே கழிவு சொன்னா நாம ஒத்துக்குவோமா?"

"எப்படிய்யா ஒத்துக்குவோம்? விக்கறவன் சொல்ற கழிவ வாங்கறவன் கேப்பானா?"

"அதேதாங்க."

சாயபு தராசுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சரி, இங்க வாங்கறவன் யாரு?" என்றார்.

"உங்க முட்டிங்க. சொமக்கறது அதுதானே? தொப்பிக்கு இவ்ளோ, பிரியாணிக்கு இவ்ளோன்னு நாம தள்ளிக்கிட்டே இருக்கோம். முட்டி எதையும் தள்ளல. மொத்தத்தையும் அதுதான் தூக்குது."

மண்டியில் ஈ பறக்கிற சத்தம் கேட்டது. நம் மண்டியில் ஈக்கா பஞ்சம். வேலை போயிற்று என்றே நினைத்தேன். சாயபு தன் முட்டியை மெல்லத் தேய்த்துக்கொண்டு, "இத்தன நாளும் என் சரக்க நானே வித்து நானே வாங்கிக்கினு இருந்தேனா?" என்றார். அப்புறம் கணக்கப்பிள்ளை பக்கம் திரும்பாமலே சொன்னார்: "இனிமே கழிவு கெடையாது. அந்த டாக்டர் இன்னா சொன்னாரு? ஒண்ணொண்ணா சொல்லு."

மறுநாள் காலையில் சாயபு வீட்டிலிருந்து மண்டிக்கு நடந்து வந்தார். நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து வந்தார், ஆனாலும் நடந்து வந்தார். அவ்வளவுதான், ஊரில் தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. குதிரை வண்டி வைத்திருக்கிற மனுஷன் நடந்து போனால் என்ன அர்த்தம்? பெரிய சாயபு நொடித்துப் போய்விட்டார். மத்தியானத்துக்குள் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தர் வண்டியை விலைக்குக் கேட்டார். தின்று தின்று முட்டி போன காலத்தில் ஒருத்தரும் வந்து விசாரிக்கவில்லை. நடந்ததும் ஊருக்குக் கவலை வந்துவிட்டது.

"கம்பெனி மானம் போவுதுங்க," என்று கணக்கப்பிள்ளை கெஞ்சினார். சாயபு யோசித்து ஒரு வழி சொன்னார். அவர் முன்னால் நடப்பார், வண்டி பின்னால் வரட்டும். அப்படியே நடந்தது. ஆனால் காலி வண்டி வருவதைப் பார்த்து ஜனங்கள் இன்னும் பயந்தார்கள். எதையோ பறிகொடுத்த மாதிரி இருக்கிறதாம். அதனால் வண்டி காலியாக வரவேண்டாம் என்று கணக்கப்பிள்ளை அதில் ஏறி உட்கார்ந்துகொண்டார். கம்பெனி மானத்துக்காகத்தான்.

பேடா விஷயம் இன்னும் சிக்கல். பேரம் முடிந்தால் முதலாளி வாயில் இனிப்புப் போட்டே ஆகவேண்டும். வேண்டாமென்றால் வந்தவர், "அப்ப பேரம் இல்லியா பாய்?" என்று துண்டை உதறுவார். ஒரு திருப்பத்தூர்க்காரர் நிஜமாகவே கோபித்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். நான் ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். அப்போது சாயபு, "கையெழுத்துப் போட எனக்குப் பதிலா கணக்கப்பிள்ளைக்கு அதிகாரம் இருக்குல்ல? வாய்க்கும் அதே அதிகாரம்" என்றார். அன்றிலிருந்து பேரம் சாயபுவுடையது, பேடா கணக்கப்பிள்ளையுடையது. முதலில் அவர் முகம் சுளித்தார். நாலாம் நாள், "இன்னிக்கு ஒரு பேரமும் வரலியா?" என்று வாசலைப் பார்க்க ஆரம்பித்தார்.

சாயங்கால நடைக்கும் மண்டியே வழி காட்டிற்று. உட்கார்ந்து பேசுகிற பேரத்தைச் சாயபு முற்றத்தைச் சுற்றி நடந்துகொண்டே பேசினார். துண்டுக்கு அடியில் கை, கால் பாட்டுக்கு நடக்கும். நடக்கப் பழகாத வியாபாரிகளுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். வழக்கமாக ஒரு மணி நேரம் இழுக்கிறவர்கள் இரண்டு சுற்றில் படிந்துவிடுவார்கள். இளைக்கிற வழியில் வியாபாரமும் நடக்கிறதே என்று தெரிந்த பிறகு சாயபுவை உட்காரவைக்க முடியவில்லை.

வீட்டில்தான் பெரிய சண்டை. ஒரு நாள் சாயபு முகம் வாடி வந்தார். "வீட்ல பேச்சு வார்த்த இல்ல," என்றார். "தாம்பாளத்துல உக்காராம தனியா சின்னத் தட்டு கேட்டேன். என் சமையல் கசந்து போச்சான்னு கேக்கறாங்க. ஒரே பேஜாரு." சாயபுவின் மனைவி பீபியம்மாவை நாங்கள் பார்த்ததில்லை, அவர் அனுப்பும் சாப்பாட்டைப் பார்த்திருக்கிறோம். அன்பை அடுக்குப் பாத்திரத்தில் அமுக்கி அமுக்கி வைத்து அனுப்புகிறவர். "ஈத்காவுல நடந்தத வீட்ல சொன்னீங்களா?" என்று கேட்டேன். சொல்லவில்லை. இரண்டு பேர் தூக்கினதை மனைவியிடம் எந்த ஆண்பிள்ளை சொல்லுவான்? போய்ச் சொன்னார். மறுநாள் சாப்பாடு ஒற்றைப் பாத்திரத்தில் வந்தது. கொஞ்சம் சோறு, நிறையக் கீரை, ஒரு துண்டுக் கறி. அதுமட்டுமில்லை, இஷா என்கிற ராத்திரித் தொழுகைக்கு முன்னாலேயே ராத்திரிச் சாப்பாடு முடிந்துவிடவேண்டும், அதற்கப்புறம் சமையல்கட்டு பூட்டு, சாவி பீபியம்மா இடுப்பில் என்று சட்டம் வந்துவிட்டது. வாணியம்பாடிக்காரர் பேசின பேச்சை அவர் மறக்கவில்லை என்று சாயபு சொன்னார். சாயபுவைவிட அவருக்குத்தான் ரோஷம் அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

தராசு மெதுவாகத்தான் இறங்கிற்று, அதுவும் நேராக இறங்கவில்லை. ஒரு வாரம் இறங்கும், ஒரு வாரம் அப்படியே நிற்கும். அக்கா மகன் கல்யாணத்துக்குப் போய்வந்த வாரம் ஏறியே விட்டது. அன்றைக்குச் சாயபு தட்டில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்துக் குழந்தை மாதிரி, "தொப்பிக்கு மட்டும் கொஞ்சம்..." என்றார்.

"தொப்பிய கழட்டிட்டு உக்காருங்க மொதலாளி," என்றேன்.

கழற்றிவிட்டு உட்கார்ந்தார். முள் அசையவில்லை. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அடுத்த வாரம் அந்த ஏற்றமும் இறங்கிவிட்டது.

நோன்பு மாதம் வந்தது. பகலெல்லாம் பட்டினி, இனித் தானாக இளைப்பார் என்று வெளியாள் நினைக்கலாம். ஆம்பூரில் நோன்பு திறக்கிற நேரத்தைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். முப்பது நாள் நோன்பிருந்து கூடுதல் எடையோடு பண்டிகைக்கு வருகிற ஆட்கள் நம் ஊரில் உண்டு, போன வருஷம் வரைக்கும் சாயபு அதில் முதல் ஆள். எனக்கு அதுதான் கவலை. ஆனால் அந்த மாதம் மண்டி வாசலில் நோன்பு திறக்கும்போது பார்த்தேன். பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கோப்பைக் கஞ்சி. பக்கத்தில் சமோசாத் தட்டு வந்து நின்றது. சாயபு ஒரு சமோசாவை எடுத்தார். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு அதைக் கணக்கப்பிள்ளையிடம் நீட்டினார். நோன்பும் இல்லாமல் பட்டினியும் இல்லாமல் அந்த மாதம் முழுக்க நோன்பு திறந்தவர் அவர் ஒருவர்தான்.

பண்டிகைக்கு முந்தின வியாழக்கிழமை எட்டு மணங்கைத் தொட்டுக்கொண்டு முள் நின்றது. போன ரம்ஜானுக்கு இரண்டு மணங்குக்குக் கிட்ட குறைவு, கழிவு இல்லாமல். இன்னும் ஒல்லி என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மண்டிப் படியை மூச்சு வாங்காமல் ஏறினார். அன்றைக்கு என்னிடம், "பண்டிக அன்னிக்கு நீ ஈத்காவுக்கு வா. வெளிய, மரத்தடியில நில்லு" என்றார்.

"தூக்கறதுக்காங்க?" என்றேன்.

"பாக்கறதுக்கு. முள்ளத் தவிர வேற எதையும் பாக்காதவன் நீ ஒருத்தன்தான்."

போனேன். புளியமரத்தடியில் நின்றேன். பக்கத்திலேயே வண்டி, அதில் கணக்கப்பிள்ளை. மைதானம் நிறைய வெள்ளை வெள்ளையாக வரிசைகள். மூன்றாவது வரிசையில் சாயபு, அவருக்கு இரண்டு ஆள் தள்ளி வாணியம்பாடிக்காரர். எல்லாரும் குனிந்தார்கள், நெற்றி தரையில் பட்டது. நான் கும்பிடுகிற சாமி வேறு. அன்றைக்கு எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

வரிசை எழுந்தது. சாயபு உடனே எழவில்லை. ஒரு மூச்சு நேரம் தரையிலேயே இருந்தார். பிறகு ஒரு கையை முட்டியில் ஊன்றி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, எழுந்து நின்றார். பக்கத்து ஆள் கை நீட்டினதைப் பார்க்கவேயில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது, அடுத்த தடவை அவர் எழுந்ததைச் சரியாகப் பார்க்க முடியவில்லை.

தொழுகை முடிந்து எல்லாரும் கட்டிப்பிடித்து முபாரக் சொல்லிக்கொண்டார்கள். வாணியம்பாடிக்காரரும் வந்தார். சாயபு அவரை இறுக்கக் கட்டிக்கொண்டு ஏதோ சொன்னார், அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். பிறகு சாயபு நேரே மரத்தடிக்கு, என்னிடம் வந்தார்.

"கழிவு போடாம சொல்லு. நானா எழுந்தேனா?"

"எழுந்தீங்க மொதலாளி. முதல் தடவ ஒரு கைய முட்டியில ஊனினீங்க."

வாய் தப்பி வந்துவிட்டதோ என்று பயந்தேன். சாயபு தன் கையைப் பார்த்தார், முட்டியைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். குலுங்குவதற்கு இன்னும் வயிறு இருந்தது.

"கையும் என்னுது, முட்டியும் என்னுதுதானேய்யா."

வீட்டுக்குப் போகலாம் என்று வண்டிக்காரன் கதவைத் திறந்தான். உள்ளே கணக்கப்பிள்ளை உட்கார்ந்திருந்த பக்கம் வண்டி சாய்ந்து கிடந்தது. எழுந்து முதலாளிக்கு முபாரக் சொல்ல அவர் பார்த்தார். ஒரு கையால் கம்பியைப் பிடித்தார், மறு கையை இருக்கையில் ஊன்றினார், மறுபடி ஊன்றினார். கடைசியில் உட்கார்ந்தபடியே கும்பிட்டார்.

சாயபு கதவை மெதுவாகச் சாத்தினார். "நீங்க வண்டியிலயே வாங்க, கணக்கப்பிள்ள. நாங்க நடந்து வர்றோம்," என்றார். வண்டி போகும்வரை காத்திருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வியாழக்கெழம தராச கழுவி வை. அவர ஏத்தணும். நல்ல மனுசன், பாவம். ஆனா கழிவு போடாதே."